பன்னீர் மிஷினும் பதிமூன்றாம் தேதி மழையும்

ஏப்ரல் 5, திங்கள்

வந்து சேர்ந்தாயிற்று. தூத்துக்குடிக்குத் தெற்கே வெள்ளாங்கரை. ஒரு பக்கம் கடல், மற்ற மூன்று பக்கமும் உப்பளம், நடுவில் ஓட்டு வீட்டில் நான். குழாயில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருமாம். இன்று வராத நாள்.

பேராசிரியர் தணிகைவேல் சார் பதிவேடு ஒன்று கொடுத்திருக்கிறார். தேதி, நேரம், காற்று, ஓடிய நிமிடம், குறிப்பு என்று கட்டம் போட்டது. அதில் எழுத முடியாததை எழுத இந்த டைரியை நானே வாங்கினேன். தொலைந்து யார் கையிலாவது கிடைத்தால்: பெயர் எப்சிபா, வயது இருபத்தொன்பது, சொந்த ஊர் நாசரேத், சென்னையில் முனைவர் பட்ட ஆய்வு ஐந்தாம் வருடம். "இன்னுமா படிக்கிறாய்?" என்று கேட்காமல் திருப்பித் தரவும்.

மிஷினும் வந்து இறங்கிவிட்டது. கல்யாண மண்டபத்துப் பெரிய ஃபேன் போல இருக்கிறது. வட்டமாக இருபத்துநாலு நாசில்கள், சின்னச் சின்ன ஊதுவாய்கள். கடல்நீரைக் கண்ணுக்கே தெரியாத பொடித் துளியாகத் தெளிக்கும். அந்த உப்புத் துளிகள் மேலே போய் மேகத்தில் சேர்ந்தால் மேகம் இன்னும் வெளுக்கும். வெளுத்த மேகம் வெயிலைத் திருப்பி அனுப்பும். கீழே கடல் கொஞ்சம் குளிரும். எல்லாம் "சேர்ந்தால்" கணக்கு. இப்போதைக்கு நாங்கள் பார்க்கப்போவது, துளி எவ்வளவு தூரம் போகிறது என்பதை மட்டும். பத்து நாள், நாளுக்கு இருபது நிமிடம். நூறு மீட்டர் தாண்டினாலே எனக்குப் பட்டம்.

ஏப்ரல் 7, புதன்

இன்று கூட்டம். உப்பளத்து முதலாளி தூத்துக்குடியில் இருந்துகொண்டே சம்மதம் தந்துவிட்டார். ஆனால் அங்கே வேலை செய்பவர்களின் சம்மதமும் வேண்டும் என்பது எங்கள் நெறிமுறைக் குழுவின் விதி. பதினொரு மணிக்கு வேலை முடிந்து பெண்கள் கொட்டகைக்கு வந்தார்கள். முப்பத்திரண்டு பேர். காலில் இரண்டு ஜோடி சாக்ஸ், தலையில் துண்டு, முகமெல்லாம் உப்புப் பூத்திருந்தது.

படம் வரைந்து விளக்கினேன். நன்றாகத்தான் விளக்கினேன். முடித்ததும் மாரிக்கனி என்பவர் எழுந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். மற்றவர்கள் பேசுவதற்கு முன் அவர் முகத்தைத்தான் பார்க்கிறார்கள்.

"மேடம், வெளங்கிட்டு. வெயில கொறைக்கதுக்கு மிஷின். நாங்க வெயில வச்சுப் பொழைக்க ஆளுங்க. அத எங்ககிட்டயே வந்து சொல்லுதியளே, ஒங்களுக்கு தைரியம்தான்."

கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

"வெயில் மேல ஒங்களுக்கு அவ்வளவு பாசமாக்கா?"

"பாசமா! போன வைகாசில இந்தச் செல்லக்கிளி ரெண்டு தடவ மயங்கி விழுந்தா. பத்து மணிக்கு மேல உப்புப் பாத்தில நிக்க முடியல. கொறஞ்சா நல்லதுதான். ஆனா எவ்வளவு கொறையணும்னு யாரு சொல்லுவா? நீங்களா?"

"இது வெறும் சோதனைதான்க்கா."

"புகைய விடுதவன் வீட்டுல ஏசி, எங்க தலைமேல பன்னீரா?"

அவ்வளவுதான். கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளிப்பதை நினைத்து எல்லாரும் சிரிக்க, ஐந்து வருட ஆராய்ச்சிக்கு ஒரே நொடியில் பன்னீர் மிஷின் என்று பெயர் விழுந்துவிட்டது.

"மழை வருமா?" என்றார் கடைசியில். உப்பு விளைந்து கிடக்கும்போது மழை வந்தால் அத்தனையும் கரைந்துவிடும். சிரிப்பு நின்றது.

"வரவே வராதுக்கா."

"வந்துட்டா?"

"வந்தா நானே பாத்தில எறங்கி ஒங்ககூட உப்பு வாருதேன்."

கைதட்டல். முப்பத்திரண்டு கையெழுத்து. வீட்டுக்கு வந்து சோறு வடிக்கும்போதுதான் உறைத்தது, "எவ்வளவு குறைய வேண்டும் என்று யார் சொல்வது" என்ற கேள்விக்கு நான் பதிலே சொல்லவில்லை.

ஏப்ரல் 8, வியாழன்

தண்ணீர் வந்தது. துணி துவைத்தேன்.

ஏப்ரல் 9, வெள்ளி

முதல் ஓட்டம். காலை ஆறரை. பம்ப் ஓட்டும் இசக்கிராஜா அண்ணன் கடலிலிருந்து நானூறு மீட்டர் ஹோஸை இழுத்துக்கொண்டு வருவதற்குள் என்னை, என் படிப்பை, கடலை என்று வரிசையாகத் திட்டி முடித்தார். நானும் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தேன். வழியில் சேற்றில் விழுந்தேன்.

ஆனால் ஓடியது! இருபத்துநாலு நாசிலும் சீராக ஊதின. துளி அறுபத்தெட்டு மீட்டர் போனது. சாரிடம் போனில் சொன்னபோது மகிழ்ச்சியில் என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. வேலை முடிந்து போகிறபோது மாரிக்கனி அக்கா, "பன்னீர் தெளிச்சாச்சா? சந்தனம் எங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஏப்ரல் 10, சனி

இரண்டாம் ஓட்டம். எழுபத்தொன்று. இசக்கிராஜா அண்ணனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. "மேடம், மிஷினுக்குப் பக்கத்துலயே வாய்க்கா கிடக்கு. அதுல ஓடுததும் உப்புத்தண்ணிதான. எதுக்கு இந்தப் பாடு?" என்றார். யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

ஏப்ரல் 12, திங்கள்

ஓட்டத்துக்கு முன்னால் வாய்க்காலில் ஹோஸைப் போட்டுப் பார்த்தோம். பத்து மீட்டர் இழுத்தால் போதும். அண்ணன் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். ஆனால் காற்று பலமாக இருந்ததால் ஓட்டத்தைத் தள்ளிவைத்தேன். மிஷின் குழாயில் தண்ணீர் ஏற்றியபடியே இருக்கட்டும், நாளைக்குச் சௌகரியம் என்று சொல்லிவிட்டு வந்தேன். முந்திரி மக்ரூன் வாங்கினேன். கால் கிலோ. வீடு வந்து சேர்வதற்குள் நூறு கிராம்.

ஏப்ரல் 13, செவ்வாய்

மூன்றாம் ஓட்டம். இருபது நிமிடம். சீர். பதிவேட்டில் எழுதியாயிற்று, சாருக்கும் அனுப்பியாயிற்று.

சேஃப்டி பின் நாலு வளைந்துபோயின. எதற்கென்று எழுத வேண்டியதில்லை. விரல் நுனியெல்லாம் எரிகிறது.

சாயங்காலம் நாலரை மணிக்கு இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ஓட்டின் மேல் தடதடவென்று சத்தம். யாரோ கல் எறிகிறார்கள் என்று நினைத்தேன். மழை.

முக்கால் மணி நேரம்.

ஏப்ரல் 14, புதன்

சித்திரை ஒன்று. பாயசம் சாப்பிட வீட்டுக்கு வரவேண்டும் என்று மாரிக்கனி அக்கா போன வாரமே சொல்லியிருந்தார். யாரும் கூப்பிட வரவில்லை. நானும் போகவில்லை. மிச்ச மக்ரூனைத் தின்றேன்.

ஏப்ரல் 15, வியாழன்

காலையில் போனால் மிஷினைச் சுற்றி முப்பத்திரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள்.   பின்னால் பாத்திகளில் மழைத்தண்ணீர் கலங்கிக் கிடந்தது. நேற்று முன்தினம் வெள்ளை வெளேரென்று இருந்த இடம் அது. மறுபடி உப்பு விளைய இரண்டு வாரமாகும்.

"பத்து வருசமா சித்திரை பொறக்கதுக்கு முன்ன இப்படிப் பேஞ்சு நான் பாக்கல. நீ வந்த, பேஞ்சிட்டு. மழ வந்தா எறங்குதேன்னு சொன்னியே, எறங்குதியா?" என்றார் மாரிக்கனி அக்கா. முதல் தடவையாக மேடம் இல்லை.

சாருக்குப் போன் செய்தேன். "மழைக்கும் நமக்கும் சம்பந்தமே இல்லம்மா. வங்கக்கடல்ல காற்றழுத்தம். படம் அனுப்பியிருக்கேன், காட்டு. ஆனா பாத்தில மட்டும் இறங்கிடாத. எவனாவது ஃபோட்டோ எடுப்பான். மழை பெய்ய வச்ச விஞ்ஞானி மன்னிப்புன்னு போடுவான். இந்தத் துறையே இருபது வருஷம் பின்னால போயிடும். யாரோ ஒரு நாடு நாளைக்கு யாரையும் கேட்காம பெருசா செஞ்சா, அது என்ன பண்ணும்னு சொல்லக்கூட நம்மகிட்ட ஆள் இருக்காது. தெரியாம இருக்கிறது பாதுகாப்பு இல்ல எப்சிபா."

அவர் சொன்னது சரி என்றுதான் நான் இந்த வேலைக்கே வந்தேன். இப்போதும் சரி என்றுதான் நினைக்கிறேன். செயற்கைக்கோள் படத்தை நீட்டினேன். மாரிக்கனி அக்கா பார்த்தார். "இது யாரு எடுத்த படம்?" "அரசாங்கம்." "மிஷினு யாருது?" "அதுவும் அரசாங்கம் கொடுத்த பணம்தான்." போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஏப்ரல் 16, வெள்ளி

இந்த டைரியிடமும் பொய் சொல்லியிருக்கிறேன். உன்னிடம் கூடவா பொய் சொல்வாள் ஒருத்தி?

பதிமூன்றாம் தேதி மிஷின் ஓடவே இல்லை. ஒரு நிமிடம்கூட இல்லை. வாய்க்காலில் ஓடுவது கடல்நீர் அல்ல. பாத்திக்குப் போகுமுன் வெயிலில் காய்ந்து காய்ந்து கெட்டியான தண்ணீர். ஒரு பகலும் இரவும் குழாயில் நின்று, இருபத்துநாலு நாசிலிலும் உப்பு விளைந்துவிட்டது. சென்னையில் ஐந்து வருடம் உப்புத் துளியைப் பற்றியே படித்தவள், உப்பளத்துக்கு நடுவில் நின்றுகொண்டு என் மிஷினுக்குள்ளேயே உப்பளம் வைத்திருக்கிறேன். சேஃப்டி பின்னை விட்டுக் குத்திக் குத்தி நாலு நாசிலைத் திறந்தேன். பின்கள் தீர்ந்தன. சாரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. "இருபது நிமிடம், சீர்" என்று எழுதினேன். சின்னப் பொய், அடுத்த நாள் சரிசெய்து ஓட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன்.

அன்றைக்கென்று மழை பெய்தது.

இப்போது நிலவரம் இதுதான். உண்மையைச் சொன்னால் மிஷின் மேல் பழி இல்லை, என் பட்டம் போகலாம். ஓடிய நிமிடத்தைக் கற்பனையில் எழுதிய ஆராய்ச்சியாளருக்கு யார் பட்டம் கொடுப்பார்கள்? சொல்லாவிட்டால் பதிவேட்டில் நான் ஒழுங்கானவள், ஊர்க்கண்ணில் மழையைக் கொண்டுவந்தவள். தெரியாமல் எதையும் செய்யக்கூடாது என்பதற்காகத்தான் இந்த ஆராய்ச்சி நடக்கிறது என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்தினேன். 

ஏப்ரல் 17, சனி

சாரிடம் சொன்னேன். 

"மூணு ஓட்டம் வெற்றின்னு ஆய்வுக் குழுவுக்கு அறிக்கை அனுப்பிட்டேன் எப்சிபா."

"தெரியும் சார்."

"வாபஸ் வாங்கணும். விளக்கம் கொடுக்கணும். உன்னைத் தொடர விடுவாங்களான்னு எனக்குத் தெரியல." திடீரென்று குரல் உயர்ந்தது. "வாய்க்கால் தண்ணியா? யாராவது வாய்க்கால் தண்ணியப் போடுவாங்களா?" அதற்குப் பிறகு பத்து நிமிடம் திட்டினார். திட்டத் திட்ட எனக்குத் தெம்பு வந்தது. கடைசியில், "போய்ச் சொல்லு. நானும் அடுத்த வாரம் வர்றேன்" என்று வைத்தார்.

பதினொரு மணிக்குக் கொட்டகை. எழுந்து நின்று ஒரே மூச்சில் சொன்னேன். மிஷின் ஓடவில்லை, ஓடியதாகப் பொய் எழுதினேன், காரணம் வெட்கம்.  பிறகு பின்வரிசையிலிருந்து செல்லக்கிளி கேட்டாள்: "அன்னைக்கே பொய் எழுதினவ, இன்னைக்குச் சொல்லுதது மட்டும் நெசம்னு எப்படி நம்ப?"

நியாயமான கேள்வி. என்னிடம் படமில்லை, வரைபடமில்லை. கழற்றி டிபன் பாக்ஸில் ஒளித்து வைத்திருந்த நாசில்கள்தான் இருந்தன. நான் குத்தாத இருபது. எடுத்து வைத்தேன்.

மாரிக்கனி அக்கா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கை மாறிக் கை மாறிப் போயிற்று. ஒருத்தி நாக்கில் வைத்துப் பார்த்தாள். இன்னொருத்தி நகத்தால் ஒரு மணியைப் பெயர்த்து உள்ளங்கையில் உருட்டினாள். இருபத்தைந்து வருடமாக இதையே பார்த்த கண்கள். என் ஆய்வுக் குழுவில்கூட இத்தனை நிபுணர்கள் இல்லை.

"வாய்க்காத் தண்ணிதான்," என்றார் அக்கா. "ஒரு பகலு, ஒரு ராத்திரி நின்னுருக்கு. மணி பாரு, நாலு மூலையும் கூரா இருக்கு. இதுமேல தண்ணி ஓடியிருந்தா மூலை மழுங்கியிருக்கும். ஓடல. பிள்ள சொல்லுதது நெசந்தான்."

பிறகு என்னைப் பார்த்து ஆரம்பித்தார் ஒரு சிரிப்பு. "ஏ பிள்ள, வாய்க்காத் தண்ணிய ராத்திரி பூரா குழாயில நிப்பாட்டினியா? இத எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்ச?" முப்பத்திரண்டு பேரும் அடித்துப் புரண்டு சிரித்தார்கள். செல்லக்கிளிக்குக் கண்ணீரே வந்துவிட்டது. எனக்கும் வந்தது, ஆனால் நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

சிரிப்பு அடங்கியதும் அக்கா சொன்னது இது. தூங்குமுன் அப்படியே எழுதி வைக்கிறேன்:

"சரி, ஓடல. ஓடலேங்கதுக்கு உப்பு சாட்சி சொல்லிட்டு. நல்லா ஓடியிருந்து, மழையும் பேஞ்சிருந்தா? ஒன்னால இல்லேன்னு சொல்ல யாரு இருக்கா? ஒன் சாரு சொல்லுவாரு. எங்களுக்காகச் சொல்ல?"

"யாரும் இல்லக்கா" என்றேன். இந்த முறை கேள்வியிலிருந்து நழுவவில்லை.

ஏப்ரல் 19, திங்கள்

பழி இல்லை என்று ஆன பிறகும் பாத்தியில் இறங்கினேன். சொன்ன சொல் சொல்தானே. ஆனால் வாருவதற்கு உப்பு ஏது? மழைத்தண்ணீரை வடித்துவிட்டு, சேற்றை மிதித்து மட்டம் செய்ய வேண்டும். வரிசையாகக் கைகோத்துக்கொண்டு மிதிக்கிறார்கள், நடுவில் நான். "குதிக்காத பிள்ள, மிதி. இது டான்ஸ் இல்ல." எட்டரைக்கே தலை சுற்றியது. ஒன்பதுக்கு வெயில் கண்ணில் வெள்ளையாக வெடித்தது. ஒன்பதரைக்கு என்னை வரப்பில் உட்கார வைத்து மோர் கொடுத்தார்கள். அவர்கள் பதினொரு மணிவரை மிதித்தார்கள்.

வரைபடத்தில் உலகம் ஒன்றரை டிகிரி, இரண்டு டிகிரி சூடாகும் என்று நான் போடும் கோடு இதுதான் போலிருக்கிறது. இந்தச் சூட்டை யாராவது குறைக்கத்தான் வேண்டும். அதற்காகத்தான் எனக்கு இன்னும் இந்த மிஷின் பிடித்திருக்கிறது.

ஃபோட்டோ எடுக்க யாரும் வரவில்லை. கொஞ்சம் ஏமாற்றம்தான்.

ஏப்ரல் 21, புதன்

குழுவின் பதில் வந்தது. முதல் மூன்று ஓட்டமும் செல்லாது. பொய்ப் பதிவை ஆய்வேட்டிலேயே நான் எழுத வேண்டும். பட்டம் குறைந்தது ஆறு மாதம் தள்ளிப்போகும். ஊர் சம்மதித்தால் மட்டும் மேலே தொடரலாம். அம்மாவிடம் சொன்னேன். "இன்னும் ஆறு மாசமா?" என்றாள். நான் பயந்துகொண்டிருந்த அதே குரல்.

ஏப்ரல் 22, வியாழன்

சார் வந்தார். ஒரு மேகம் இல்லாத வானத்தில் குடையோடு. பெண்கள் அதைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். அவரே மறுபடி எல்லாவற்றையும் விளக்கினார். தவறு நடந்ததற்கு மன்னிப்பும் கேட்டார். எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது.

மாரிக்கனி அக்கா ஊர்ச் சம்மதத்தைச் சொன்னார். மிஷின் சாவி அவரிடம் இருக்கும். பதிவேட்டைக் கொட்டகைச் சுவரில் தொங்கவிட வேண்டும், எழுதுவது செல்லக்கிளி. இருபது நிமிடம் என்றால் இருபது. நடுவில் எப்போது நிறுத்தச் சொன்னாலும் நிறுத்த வேண்டும், காரணம் கேட்கக் கூடாது.

"காரணம் கேட்காம எப்படிம்மா? அறிவியல்ல..." என்று இழுத்தார் சார்.

"காரணம் சொன்னாத்தான் நிக்கும்னா, பேசத் தெரிஞ்சவன் சொன்னா மட்டுந்தான சார் நிக்கும்?"

சார் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

ஏப்ரல் 23, வெள்ளி

புது நாசில், புது ஆரம்பம். கடல்நீர்தான். ஹோஸை இழுக்க முப்பத்திரண்டு பேரும் வந்ததால் நானூறு மீட்டர் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. இசக்கிராஜா அண்ணன் சும்மா நடந்து வந்துகொண்டே எல்லாருக்கும் யோசனை சொன்னார்.

ஆறு நாற்பதுக்கு மாரிக்கனி அக்கா சாவியைத் திருகினார். வெள்ளையாக ஒரு புகை எழுந்து, விரிந்து, பெண்கள் மேல் மெல்ல இறங்கியது. சார் பதறிப்போய்க் குடையை விரித்தார். கொட்டகைவரை சிரிப்பு. செல்லக்கிளி கண்ணை மூடி முகத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றாள்.

தொண்ணூறு மீட்டர். தொண்ணூற்று மூன்று. பதினெட்டாம் நிமிடத்தில் காற்று எங்களுக்காகவே திரும்பியது போலத் திரும்பியது. தொண்ணூற்றாறு. 

"இன்னும் அஞ்சே நிமிஷம்மா," சார் கெஞ்சினார். "காத்து இப்பத்தான் சரியா வருது. நூறு தாண்டிடும்."

நானும் அக்காவைப் பார்த்தேன். வாயால் கேட்கவில்லை. முகத்தால் கேட்டேன், அதை மறைக்க மாட்டேன்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். நெற்றியில் அந்தப் பொடித் துளிகள் இன்னும் மினுங்கின.

"நல்லாத்தான் சார் இருக்கு," என்றார். "குளுகுளுன்னு இருக்கு. அதான் பயமா இருக்கு."

சாவியைத் திருகினார். மிஷின் ஒரு முறை முனகி அடங்கியது. தொண்ணூற்றெட்டு மீட்டர். சார் குடையை மடக்கினார். எனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. நாளைக்கும் ஓட்டம் இருக்கிறது.

போகிற வழியில் கொட்டகைச் சுவரில் தொங்கிய பதிவேட்டைப் பார்த்தேன். தேதி, நேரம், காற்று எல்லாம் செல்லக்கிளியின் குண்டு குண்டான எழுத்தில். ஓடிய நிமிடம்: இருபது. குறிப்பு என்ற கட்டத்தில், ஐந்து வருடத்தில் நான் ஒருமுறைகூட எழுதாத ஒரு முடிவை எழுதி வைத்திருந்தாள்:

"இன்னும் கேட்டாங்க. நிறுத்தினோம். மிஷின் நின்னுட்டு."